பத்தும் நடுவில்

நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளா. பனி இறங்குகிறது. அந்தச் சின்னதின் காதை யாராவது துண்டால் மூடிவிடுங்கள். காலையிலிருந்து குனிந்து நிமிர்ந்த உடம்புகள் உங்களுடையவை, அதனால் அழவைக்கும் கதை இன்று வேண்டாம். பெரிய மனிதர்கள் எவ்வளவு சின்னதாகச் சுருங்குவார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது. சிரித்துக்கொண்டே கேளுங்கள். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் சிரிப்பு வராது. அந்த இடம் வந்ததும் நானே சொல்கிறேன்.

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. எண்பத்தேழு புரட்டாசி பிறந்த வாரம், கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ரோட்டின் குறுக்கே புளியமரம் கிடந்தது. பஸ் இல்லை, லாரி இல்லை. படிப்பிலும் வேலையிலும் எங்கள் பங்கு எங்கே என்று கேட்டவர்கள் தெருவில் நின்று கேட்டார்கள். சிலர் அடிபட்டார்கள். சிலர் வீடு திரும்பவில்லை. அவர்களைப் பற்றிப் பேச வேறொரு நாள் வேண்டும். இன்றைய கதை, கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தவர்களைப் பற்றியது.

நாராயணசாமி என்று ஒருவர். நைனார்பாளையம் பக்கம் கரும்பும் நெல்லுமாக நிறைய நிலம். அந்த வாரம் முழுக்க அவர் வீட்டு முன்கதவு திறக்கவில்லை. பால்காரர்கூடச் சுற்றுச்சுவருக்கு மேலேதான் செம்பை நீட்டினார். இதில் வேடிக்கை என்னவென்றால், அவரைத் தேடி யாருமே வரவில்லை. ரோட்டில் மரம் போட்டவர்களுக்கு அவர் பெயர்கூட நினைவில் இருந்திருக்காது. அதுவே அவருக்குப் பெரிய அவமானமாகப் போயிருக்க வேண்டும். ஐப்பசியில் கதவைத் திறந்து வெளியே வந்ததும், தன்னைப்போலவே பயந்து கிடந்த இருபது பேரைத் தேடிப்பிடித்துக் கூட்டம் போட்டார். உரக்கடைக்காரர், வக்கீல், பல் டாக்டர், ரைஸ்மில்காரர் என்று எல்லாரும் ஊரில் நாற்காலி போட்டு உட்காரவைக்கப்படுகிறவர்கள். ‘மலையடி ரைபிள் கிளப்’ என்று ஒன்று பிறந்தது. பயத்துக்கு ஒரு பெயர்ப்பலகை எழுதி மாட்டிவிட்டால் அது வீரமாகிவிடும் என்று நினைத்தார்கள்.

மார்கழி பிறந்ததும் நோட்டீஸ் அடித்தார்கள். ‘துப்பாக்கி சுடும் பயிற்சி முகாம். சனி, ஞாயிறு இரண்டு நாள். புதிதாகக் கற்பவர்களும், பழகி இடையில் விட்டவர்களும் வரலாம்.’ இடையில் விட்டவர் என்றால் நாராயணசாமிதான். வாலிபத்தில் கல்வராயன் மலையில் சிறுத்தை சுட்டதாகச் சொல்வார். ஒரு சமயம் ஒரு சிறுத்தை என்பார், இன்னொரு சமயம் இரண்டு என்பார். கூடப் போனவர்கள் எல்லாரும் செத்துப்போய்விட்டதால் சிறுத்தை வருஷத்துக்கு ஒரு முழம் வளர்ந்துகொண்டே போனது.

முகாம் நடந்த இடம், கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் கைவிட்டுப் போன ஒரு கல்குழி. ஒரு பக்கம் பந்தல் போட்டு ஜமக்காளம் விரித்திருந்தார்கள். ஐம்பது கெஜம் தள்ளி எதிரே ஒரு மண்மேடு, இரண்டு ஆள் உயரம். மேட்டுக்கு முன்னால் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஒருவர் குந்தியிருப்பார், அவருக்கு முன்னே மணல் மூட்டைகள், தலைக்கு மேலே மரச்சட்டத்தில் ஒட்டிய குறிக்காகிதம். காகிதத்தின் முகம் பந்தலைப் பார்த்திருக்கும், முதுகு அவரைப் பார்த்திருக்கும். குண்டு படாவிட்டால் சிவப்புக் கொடியை ஆட்டுவார். ஒருவர் சுட்டு முடித்ததும் காகிதத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு வருவார். அந்தப் பள்ளத்து வேலை நாராயணசாமியின் பண்ணையில் வேலை பார்த்த பொன்னுரங்கத்துக்கு. சொல்லிக்கொடுக்க வந்தவர் காசிநாதன், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து திரும்பியவர்.

இந்தக் கூட்டத்துக்கு நடுவில் தைலம்மாளுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

தைலம்மாளுக்கு மலையை ஒட்டி இரண்டு ஏக்கர் மேட்டு நிலம். அதில் மரவள்ளி. காட்டுப்பன்றிக்கு மரவள்ளி என்றால் கல்யாண விருந்து. அவள் புருஷன் பேரில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கிய ஒரு நாட்டுத்துப்பாக்கி இருந்தது. போராட்டத்தின்போது லைசென்ஸ் துப்பாக்கி எல்லாவற்றையும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். அந்த மனிதர் தோளில் சுமந்துகொண்டு போய் ஒப்படைத்தார். திரும்ப வாங்குவதற்குள் மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோய்விட்டது. லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி இவள் ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். கடைசியில் ஒரு குமாஸ்தா, “ஒனக்கு சுடத் தெரியும்னு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கியாம்மா, மாத்திடலாம்” என்றார். அதைக் கிளப் தரும். பத்துத் தோட்டாவில் ஆறு பட்டால் போதும், தலைவர் நாராயணசாமி கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். மரவள்ளி தை கடைசியில் பிடுங்க வேண்டும். அதற்குள் நாலு சால் பன்றி வாய்க்குப் போயிருந்தது. அந்த ஒரு கையெழுத்து கிடைத்தால் மிச்சக் காடு அவளுக்கு. கிடைக்காவிட்டால் பன்றிக்கு. விஷயம் அவ்வளவுதான்.

சனிக்கிழமை விடிந்ததும் முதல் ஆளாக வந்து நின்றாள். பந்தலில் ஸ்வெட்டரும் மப்ளரும் குரங்குக் குல்லாயுமாக ஒரே கும்பல். மூக்கைத் தவிர ஒன்றும் வெளியே தெரியவில்லை. உரக்கடைக்காரர் இவளைப் பார்த்ததும் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

“ஏம்மா, இவ்ளோ லேட்டா வர்றது? போ போ, சீக்கிரம் சுடு. எல்லாம் பசியோட குந்திக்கினு இருக்காங்க.”

“இன்னும் துப்பாக்கியே குடுக்கலியேங்க, எதால சுடறது?”

“துப்பாக்கியா? போண்டாம்மா, போண்டா! போண்டா சுட வந்தவதானே நீ?”

“சுடத்தாங்க வந்தேன். போண்டா இல்ல.”

குல்லாய்களெல்லாம் சிரித்தன. நாராயணசாமி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “பாத்தீங்களா? மொதல்ல ரோட்ட மறிச்சாங்க, இப்ப ரைபிள கேக்கறாங்க.”

வக்கீல் விடுவாரா? “எட ஒதுக்கீடு சார், எட ஒதுக்கீடு. நம்ம கிளப்புலயும் பொம்பளைக்குன்னு ஒரு எடம் ஒதுக்கிடுவோம். அதோ அடுப்பு பக்கத்துல காலியாத்தான் இருக்குது.”

அப்படியே ஒதுக்கினார்கள். பந்தலுக்கு வெளியே, கல்குழியின் ஓரத்தில் மூட்டியிருந்த அடுப்புக்குப் பக்கத்தில். போண்டா சுடும் ராணியம்மாள் ஒரு கல்லைத் துடைத்துப் போட்டாள். அந்த இடத்திலிருந்து பார்த்தால் எதிரே இருந்த பள்ளத்தின் உட்புறம் பக்கவாட்டில் நன்றாகத் தெரியும். பெரிய மனிதர்களுக்கு அது தெரியாது, அடுப்புப் பக்கம் அவர்கள் வந்ததில்லை.

காசிநாதன் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். “புதுசாம்மா, வுட்டுப்போய் திரும்ப வந்ததா?”

“போன ஆவணி வரைக்கும் சுட்டுக்கினுதான் இருந்தேன் வாத்தியாரே. அவரு படுத்தா இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாரு. பன்னி வந்தா நாந்தான்.”

காசிநாதன் சுற்றும் முற்றும் பார்த்தார். “லைசென்ஸ் ஒம் புருஷன் பேர்ல. நீ சுட்டேன்னு வெளியில சொன்னா ஒன்ன உள்ள வெச்சிடுவாங்க. புதுசுன்னு எழுதிக்கிறேன், வாய மூடிக்கினு இரு.”

அன்று முழுக்கப் படுத்துக்கொண்டு சுடப் பழக்கினார். அந்தக் காட்சியை என்னவென்று சொல்வேன்! ஜமக்காளத்தில் குப்புறப் படுத்தவர்கள் தொந்தியின் மேல் நின்று முன்னும் பின்னும் ஆடினார்கள், கரையில் இழுத்துப் போட்ட பரிசல் மாதிரி. மூச்சை அடக்குங்கள் என்றால் பல் டாக்டர் கண் பிதுங்கும்வரை அடக்கிவிட்டு, சுட வேண்டியதை மறந்துபோவார். “விசைய வெடுக்குன்னு இழுக்காதீங்க, மாட்டு மடியில பால் கறக்கற மாதிரி மெதுவா அழுத்துங்க” என்று காசிநாதன் தொண்டை வற்றக் கத்தினார். அந்த இருபது பேர் தொழுவத்திலும் எண்பது மாடு நின்றது. ஒருவராவது மடியில் கை வைத்ததுண்டா? அடுப்போரத்தில் இருந்த தைலம்மாளுக்கு மட்டும் அந்தப் பாடம் விரலில் போய் உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. பெரியவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள், பனி விலகாத நேரத்தில் காசிநாதன் அவளைக் கூப்பிட்டுச் சுடச் சொன்னார். பத்தில் ஏழு பட்டது. மூன்று முறை சிவப்புக் கொடி ஆடியது. காசிநாதன் காகிதத்தில் ஏழு என்று எழுதித் தன் பையில் வைத்துக்கொண்டார். “பாஸ். தலைவர் கையெழுத்துதான் பாக்கி. சாயந்தரம் போட்டுக் குடுத்துடுவாரு” என்றார்.

அதற்குப் பிறகு கனவான்கள் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். பொன்னுரங்கத்துக்குக் கொடி ஆட்டியே தோள் வலி கண்டிருக்கும். ரைஸ்மில்காரருக்கு இரண்டு பட்டது. வக்கீலுக்கு ஒன்று. அந்த ஒன்றைப் பற்றி அவர் அரை மணி நேரம் பேசினார்.

கடைசியாக நாராயணசாமி. கழுத்துக்கு மாலை தயார், கள்ளக்குறிச்சியிலிருந்து போட்டோக்காரர் தயார். படுத்தார். சுட்டார். பத்துத் தோட்டா. மேட்டில் ஒரு பிடி மண் கிளம்பவில்லை. வலது பக்கம் கரும்புக் காட்டிலிருந்து காக்கைகள் மட்டும் கத்திக்கொண்டு எழுந்தன. கொடி மட்டும் ஆடவே இல்லை.

அடுப்புப் பக்கத்தில் ராணியம்மாள் கரண்டியை அப்படியே நிறுத்தினாள். “அடியே தைலு, அங்க பாரு. பொன்னுரங்கம் அண்ணன் பள்ளத்துல இன்னா செய்யறாரு?”

தைலம்மாள் பார்த்தாள். அவர் ஒரு குடைக்கம்பியை வைத்துக்கொண்டு, தலைக்கு மேல் இருந்த காகிதத்தில் நிதானமாக ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டிருந்தார்.

“காது குத்தறாரு,” என்றாள்.

“யாருக்கு?”

“ஊருக்கே.”

பொன்னுரங்கம் காகிதத்தைப் பந்தலில் நீட்டிவிட்டு, நிற்காமல் பள்ளத்துக்கே திரும்பிப் போனார். பத்து ஓட்டையும் கருப்பு வட்டத்துக்குள். கைத்தட்டல் மலையில் மோதித் திரும்பியது. மாலை விழுந்தது. “கை வுட்டுப்போச்சின்னு நெனச்சேன், வுடல பாருங்க” என்று நாராயணசாமி அடக்கமாகச் சொல்லிக்கொண்டார். காசிநாதன் மதிப்பெண் எழுதுவதற்குக் காகிதத்தை வாங்கினார். பட்டாளத்துப் பழக்கம், ஓட்டைகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். விரல் நின்றுவிட்டது. நாராயணசாமியின் காதருகே குனிந்தார்.

“ஐயா, இங்கேர்ந்து சுட்டா காகிதம் பின்பக்கம் பிதுங்கணும். இது முன்பக்கம் பிதுங்கிக்கினு இருக்குதுங்க.”

“அதனால இன்னா?”

“பின்னாலேர்ந்து வந்த ஓட்டைங்க இது.”

புரிந்தவர் சத்தம் போடாமல் காகிதத்தைச் சுருட்டி வைத்துக்கொள்வார் என்று காசிநாதன் நினைத்தார். ஆனால் பக்கத்தில் வக்கீல் நின்றிருந்தாரே! பாதிப் பேச்சைக் கேட்டு முழு வழக்கு நடத்துகிறவர்.

“பின்னாலேர்ந்தா? பின்னால மலை இல்ல இருக்குது?” என்றார். எல்லார் தலையும் மலைப்பக்கம் திரும்பியது. அடுத்த நொடி வக்கீல் வீரிட்டார். “சுடறாங்க! மலையிலேர்ந்து நம்மள சுடறாங்க!”

பிறகு நடந்ததைக் கேட்டால் உங்களுக்கு விலா வலிக்கும். பல் டாக்டர் ஜமக்காளத்துக்கு அடியில் புகுந்தார். உரக்கடைக்காரர் தவழ்ந்து வந்து ராணியம்மாளின் மாவு அண்டாவுக்குப் பின்னால் ஒளிந்தார். இரண்டு நாளாகப் படுக்கத் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தவர்களெல்லாம் இப்போது தரையோடு தரையாக, காசிநாதனே மெச்சும்படி படுத்தார்கள். துப்பாக்கிகள் மட்டும் பந்தலில் அநாதையாகக் கிடந்தன. துப்பாக்கி வீரர் இருபது பேரில் ஒருவருக்காவது துப்பாக்கியை எடுக்கத் தோன்றவில்லை.

உண்மை தெரிந்தவர் நாராயணசாமி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவர் கழுத்து மாலையைத் தொட்டுப் பார்த்தார். போட்டோக்காரரைப் பார்த்தார். “யாரும் எழுந்திருக்காதீங்க! என்னத்தான் குறி வெச்சிருக்கானுங்க!” என்று கத்திவிட்டுத் தானும் படுத்தார். மாலையைக் கசங்காமல் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டுதான் படுத்தார்.

அந்த நேரம் பார்த்து மலைப்பாதையில் ஒருவர் இறங்கி வந்தார். பெயர் பச்சமுத்து. மலை ஊர்க்காரர், ஐம்பது வயசிருக்கும், தலையில் சீயக்காய் மூட்டை. கீழே போய் விற்றுவிட்டு உப்பும் எண்ணெயும் வாங்கித் திரும்புகிறவர். இருபது பெரிய மனிதர்கள் மண்ணில் குப்புறக் கிடப்பதைப் பார்த்ததும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் பதறி ஓடிவந்தார்.

“ஐயய்யோ, இன்னாங்க ஆச்சி? எல்லாருக்கும் ஒடம்பு சரியில்லீங்களா? தண்ணி கொண்டாரட்டுங்களா?”

ஒற்றை ஆள், கையில் கம்புகூட இல்லை என்று தெரிந்ததும் இருபது பேருக்கும் ஒரே நேரத்தில் வீரம் வந்தது. பாய்ந்து பிடித்துப் பந்தல் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார்கள். மூட்டையைக் கிழித்துக் கொட்டினார்கள்.

“தோட்டா எங்கடா?”

“தோட்டாவா? சீக்காங்க அது. தலைக்குத் தேச்சா நல்லா நொரை வருங்க.”

அறைந்தார்கள். நான் சொன்ன இடம் இதுதான், கண்ணுகளா. வக்கீல் அறைந்தார், அப்புறம் ரைஸ்மில்காரர் அறைந்தார், ஜமக்காளத்தை விட்டு வெளியே வந்த பல் டாக்டரும் வந்து அறைந்தார். தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று கேட்ட வாயில் ரத்தம் வந்தது. அந்த வருஷங்களில் ஒரு மனிதன்மேல் தீவிரவாதி என்று ஒரு பெயரை எழுதி ஒட்டிவிட்டால் அதை உரிக்கப் பத்து வருஷம் ஆகும். காசிநாதன் பார்த்துக்கொண்டு நின்றார். போரில் நின்றவர், பேசவில்லை. பொன்னுரங்கம் பள்ளத்திலேயே குந்திவிட்டார்.

ஸ்டேஷனுக்கு ஆள் போனது. வக்கீல் புகார் எழுதினார். கிளப்பைச் சேராத ஒருவர் சாட்சி சொன்னால் புகார் நிற்கும் என்றார். நாராயணசாமி அடுப்புப் பக்கம் வந்தார், இரண்டு நாளில் முதல் தடவையாக. ஒரு கையில் டைப் அடித்த சர்ட்டிபிகேட், இன்னொரு கையில் பேனா.

“தைலம்மா, ஏழு அடிச்சியாமே? கெட்டிக்காரிதான். இந்தா பாரு, ஒம் பேரு போட்டு ரெடியா இருக்குது. மலையிலேர்ந்து வேட்டுச் சத்தம் கேட்டுதுன்னு அந்தப் புகார்ல ஒரு கைநாட்டு வெச்சிடு. நானும் இதுல கையெழுத்துப் போட்டுடறேன்.”

“எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுங்க.”

“இன்னும் நல்லதாப் போச்சி.”

அவள் அந்தக் காகிதத்தையே பார்த்தாள். தைலம்மாள் என்று எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தது. கீழே தலைவர் என்ற இடத்துக்கு மேல் புள்ளி புள்ளியாக ஒரு கோடு, காலியாக. அந்தக் கோட்டின் மேல் ஒரு கிறுக்கல் விழுந்தால் நாளைக்கே ஆபீஸ் போகலாம்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே.”

“கேட்டிருக்கும். நல்லா யோசி. நெலம் மலையோரம். தனி பொம்பள. பன்னிக்கு இதெல்லாம் தெரியும்.” சிரித்தார். பன்றியைவிட அவருக்குத்தான் அது நன்றாகத் தெரிந்திருந்தது.

“போலீசு வரட்டுங்க. அவரு கேட்டா சொல்றேன்.”

அது சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். எதிரே நிற்பவர்கள் வாயிலிருந்து சம்மதத்தைத் தவிர வேறெதுவும் வந்து அவர் கேட்டதில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். இளவயசு. மூன்று மாதமாக ரோடு ரோடாக நின்று கண் சிவந்து போனவர். வக்கீல் புகாரை வாசித்தார், நடுநடுவே நடித்தும் காட்டினார். சாட்சி யார் என்றதும் எல்லாரும் தைலம்மாளை முன்னால் தள்ளினார்கள்.

“நீ இன்னாம்மா பாத்தே?”

“ஐயா, நான் இன்னிக்கி காலைல சுட்ட காகிதம் வாத்தியார் பையில இருக்குது. அதையும், எங்க தலைவர் சுட்ட காகிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிக் கொஞ்சம் தடவிப் பாருங்க.”

அவர் தடவினார். ஒன்று பின்பக்கம் முள்முள்ளாக இருந்தது, மற்றது முன்பக்கம்.

“அதைத்தாம்மா நாங்களும் சொல்றோம்!” என்று வக்கீல் குதித்தார். “மலையிலேர்ந்து வந்திருக்குது!”

“சரிங்க,” என்றாள் தைலம்மாள். “மலையிலேர்ந்து, ரெண்டு ஆள் ஒசரத்து மண்மேட்டத் தாண்டி எறங்கி, பத்தும் நடுவுல. அப்படி அடிச்சவரு இவருன்னா, இவரக் கட்டி வெக்கறீங்களே, அந்த மாலைய இவரு கழுத்துல இல்ல போடணும்?”

போலீஸ்காரர் ஒருவர் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது.

“இன்னொண்ணுங்க ஐயா. மலைக்கும் காகிதத்துக்கும் நடுவுல பொன்னுரங்கம் அண்ணன் குந்திக்கினு இருந்தாரு. அவர் மேல ஒரு கீறல் இல்ல. அப்புறம், மலைக்காரர் பத்து சுட்டாருன்னா காகிதத்துல இருக்கற பத்தும் அவருது. எங்க தலைவர் சுட்ட பத்து எங்கங்க போச்சி?”

அதுவரை அந்தக் கேள்வி ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. தலைவருக்கு மட்டும் தோன்றியிருக்கும்.

பொன்னுரங்கத்தைப் பள்ளத்திலிருந்து கூட்டிவந்தார்கள். ஒளித்துவைக்க எடுத்த குடைக்கம்பி கையிலேயே இருந்தது, கீழே போடக்கூடத் தோன்றாத பயம்.

“இது இன்னாய்யா?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

பொன்னுரங்கம் முதலாளியைப் பார்த்தார். கட்டுண்டு கிடந்த பச்சமுத்துவைப் பார்த்தார். அழ ஆரம்பித்துவிட்டார். “ஐயாதாங்க சொன்னாரு, பத்தும் நடுவுல போட்ருன்னு. எந்தப் பக்கத்துலேர்ந்து குத்தணும்னு சொல்லலீங்களே!”

சப்-இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்த வேகத்தில் கோபமும் வந்தது. முதலில் பச்சமுத்துவின் கட்டைத் தன் கையாலேயே அவிழ்த்தார். பிறகு புகாரை எடுத்து நாராயணசாமியின் முகத்துக்கு நேரே நீட்டினார். “பொய்ப் புகார். இதக் கிழிச்சிப் போடறீங்களா, நான் எடுத்துக்கினு போவட்டுமா?” வக்கீலே பிடுங்கிக் கிழித்தார். சிந்திய சீயக்காயை அந்தப் பெரிய மனிதர்களையே குனிந்து பொறுக்கி மூட்டை கட்டித் தரச் சொன்னார் சப்-இன்ஸ்பெக்டர். பொறுக்கினார்கள். பல் டாக்டர் ஒவ்வொன்றாக ஊதி ஊதிப் போட்டார். அறைந்த கையைக் கூப்பி மன்னிப்புக் கேட்க மட்டும் ஒருவருக்கும் வரவில்லை.

ஜீப் கிளம்புவதற்கு முன் நாராயணசாமி தன் சட்டைப்பையிலிருந்து தைலம்மாளின் சர்ட்டிபிகேட்டை எடுத்தார். அவள் பார்க்கும்படி நாலாகக் கிழித்தார். “போ, பன்னிக்கு நியாயம் சொல்லு போ” என்றார். அந்த நாள் முழுக்க அவர் வைத்த குறியில் தப்பாமல் பட்டது அது ஒன்றுதான்.

தைலம்மாள் துண்டுகளைப் பொறுக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். காசிநாதன் பின்னால் ஓடிவந்தார், அவமானத்தில் முகம் கறுத்திருந்தது. அவள் சுட்ட காகிதத்தின் முதுகில் எழுதினார்: இந்த அம்மாள் என் கண்ணெதிரே பத்தில் ஏழு சுட்டார். கீழே தன் பெயர், பட்டாளத்து நம்பர். “சீல் இல்லம்மா. நான் முன்னாடியே வாயத் தொறந்திருக்கணும்” என்றார். சப்-இன்ஸ்பெக்டர் ஜீப்பில் இருந்தபடியே அதை வாங்கி அடியில் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதை வைத்து உடனே துப்பாக்கி கிடைத்ததா என்றால், இல்லை. சீல் எங்கே என்று கேட்டு ஆபீசில் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறைதான் நகர்ந்தது. துப்பாக்கி அவள் கைக்கு வந்தபோது தை பாதி முடிந்துவிட்டது. அதுவரை தகரத்தைத் தட்டிக்கொண்டு காட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். காட்டில் கால்வாசி பன்றிக்குப் போனது. மிச்சத்தைப் பிடுங்கி வண்டி ஏற்றினாள். பொன்னுரங்கத்தை மறுநாளே பண்ணையை விட்டுத் துரத்தினார்கள். அவர் கரும்பு வெட்டப் போனார், அங்கே யாருக்காகவும் எதையும் குத்த வேண்டியிருக்கவில்லை. கிளப் அடுத்த மார்கழியில் நோட்டீஸ் அடிக்கவில்லை. ஆனால் பத்தும் நடுவில் விழுந்த அந்தக் காகிதம் நாராயணசாமியின் கூடத்தில் தொங்கியது. வருகிறவர்களிடம் காட்டினார். கண்ணாடி போட்டு மாட்டியிருந்ததால் யாரும் தடவிப் பார்க்க முடியாது, பாருங்கள்.

அன்று கல்குழியிலிருந்து திரும்பும் வழியில் ராணியம்மாள் கேட்டாளாம்: “ஏன்டி, ஒரு கையெழுத்துதானே. போட்டுட்டு ஒன் வேலையப் பாத்துக்கினு வந்திருக்கலாமில்ல?”

தைலம்மாள் சொன்னாளாம்: “போட்டிருப்பேன்டி. பேனாவ வாங்கக் கையக்கூட நீட்டிட்டேன். அந்த ஆளு ஓடியாந்து, ஒடம்பு சரியில்லீங்களா, தண்ணி வேணுமான்னு கேட்டாரு பாரு. அது காதுல கேட்டுக்கினே இருந்துது. கை திரும்ப வந்துடுச்சி.”

அவ்வளவுதான், என் செல்வங்களா. எழுந்து போங்கள், சின்னதுக்குத் தூக்கம் வந்துவிட்டது. உங்கள் வீட்டு அடுப்பில் உலை குறையாமல் கொதிக்கட்டும். உங்கள் பிள்ளைகளுக்கு உரியது எந்தப் பொய்யும் சொல்லாமல் அவர்கள் கைக்கு வந்து சேரட்டும். விழுந்து கிடப்பவரைப் பார்த்தால் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டு ஓடுகிற கால்கள் உங்கள் வாசலிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் புறப்படட்டும். நன்றாக இருங்கள்.